வெள்ளி நிறுக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டின் முன்கட்டில் கொலுசுப் பட்டறை இருந்தது. அங்கே ஒரு விதி. மாலையில் அப்பா தராசை எடுத்து நடுவில் வைத்துவிட்டால் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கம்பி இழுப்பவரிடம் இருப்பது அவரிடமே இருக்க வேண்டும், பற்ற வைப்பவர் தட்டில் இருப்பது அந்தத் தட்டிலேயே இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக்கூட எழக் கூடாது. ஒருவர் தட்டை நிறுத்து எழுதிய பிறகு அதிலிருந்து நூறு கிராமை அவர் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிட்டால், அந்த நூறு கிராம் இரண்டு முறை ஏட்டில் ஏறிவிடும். இல்லாத வெள்ளி இருப்பதாகக் கணக்கு சொல்லும். மறுநாள் குறையும்போது பழி யார் மேலோ விழும்.

பட்டறை இப்போது இல்லை. நான் இருபது வருடங்களுக்கு மேலாக ஊரில் உள்ள கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கம்ப்யூட்டர் பராமரித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். பேக்கப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அப்பாவின் தராசுதான். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை நகலெடுப்பதும், ஆட்கள் நடமாடும் பட்டறையில் வெள்ளி நிறுப்பதும் ஒரே தலைவலி.

ஒரு வெள்ளிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக் கோப்புகள் முழுவதையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க நாற்பது நிமிடம் ஆகிறது. மாலை 6 மணிக்குத் தொடங்குகிறோம். கடை இருப்புக் கோப்பு 6.05க்கு நகலாகிவிடுகிறது. 6.15க்கு முதலாளி 1,250 கிராம் வெள்ளியைச் சிவதாபுரத்துப் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்துச் சீட்டுப் போடுகிறார். பட்டறைகளின் பற்றுக் கோப்புக்கு 6.25க்குத்தான் முறை வருகிறது. நகலைத் திறந்து பார்த்தால் அந்த 1,250 கிராம் கடையிலும் இருக்கும், பட்டறையிலும் இருக்கும். கோப்புகளின் வரிசை மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் இருக்காது. இரண்டுமே பிழையில்லாமல் திறக்கும், அச்சாகும், கூட்டலும் வரும். சேலத்தில் எந்த நொடியிலும் இருந்திராத ஒரு கணக்கு அது.

இதற்குத்தான் ஸ்நாப்ஷாட். ஒரு நொடியில் வட்டு எப்படி இருந்ததோ அப்படியே அதைப் பிடித்து வைப்பது. பிடித்த பிறகு நாற்பது நிமிடமோ நான்கு மணி நேரமோ எடுத்துக்கொண்டு நிதானமாக நகலெடுக்கலாம், கடையில் வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும். எந்த முறையை எடுத்தாலும் பிடிப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும், சில சமயம் அதுவும் ஆகாது. எனவே விற்பவர்கள் அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசுவார்கள். நான் கேட்பது வேறு: அந்த நொடிக்கான கூலியை யார், எப்போது கொடுக்கிறார்கள்? எழுதும்போதா, படிக்கும்போதா, அழிக்கும்போதா? முறைக்கு முறை மாறுவது அதுதான். தெரியாமல் மாட்டிக்கொண்ட கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

*

முதலில் ஸ்நாப்ஷாட்டே இல்லாத இரண்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆர்சிங்க் என்ற நிரலால் தினமும் ஒரு கோப்புறை எடுத்து, முந்தைய நாளிலிருந்து மாறாத கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் போட்டுவைப்பது பலரும் செய்வது. திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொன்றும் முழு நகல்போலத் தெரியும். மாறாத கோப்பு வட்டில் ஒருமுறைதான் இருக்கும். கொலுசு டிசைன் படங்கள், ஸ்கேன் செய்த பில்கள் போன்ற ஒருமுறை வந்து அப்படியே கிடக்கிற சரக்குக்கு இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது. ஆனால் 6 ஜிபி தரவுத்தளக் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அன்றைக்கு இன்னொரு 6 ஜிபி. நடமாட்டத்தையும் இது நிறுத்துவதில்லை. அப்பா பார்த்திருந்தால் தராசைத் தூக்கி உள்ளே வைத்திருப்பார்.

மற்றொன்று, இரட்டை வட்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு எழுதப்படும் அமைப்பில் ஒன்றைக் கழற்றினால் அந்த நொடியின் முழு நகல் கையில் கிடைத்துவிடும். பெரிய நிறுவனங்களின் சேமிப்புப் பெட்டிகளில் இது ஒரு காலத்தில் மரியாதையான முறை. நான் அதை ஒரு ஜவ்வரிசி ஆலையில் இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் செய்தேன். திரும்ப மாட்டிய பிறகு இரண்டும் சமமாகும்வரை மணிக்கணக்கில் ஒற்றை டிஸ்க்கின் தயவில் ஆலை ஓடும். நல்ல வேளை, ஒன்றும் நடக்கவில்லை. இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

*

இனி அசல் விஷயம். ஸ்நாப்ஷாட்டில் இரண்டு வம்சங்கள் உண்டு. நான் அவற்றைச் சிலேட்டு என்றும் பேரேடு என்றும் சொல்வேன். என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள்.

சிலேட்டு முறை, லினக்ஸில் வட்டைப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் என்ற ஏற்பாடு செய்வது. வட்டில் தரவு இருக்கும் இடம் சிலேட்டு. புதியதை எழுத வேண்டுமானால் பழையதை அழித்து அதே இடத்தில்தான் எழுத வேண்டும். ஸ்நாப்ஷாட் எடுத்த பிறகு யாராவது ஒரு கட்டத்தை அழிக்க வரும்போது, "கொஞ்சம் பொறு" என்று சொல்லி, அதில் இருப்பதைத் தனியாக ஒதுக்கிய ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அழிக்க விடும். ஒரே எழுத்துக்கு மூன்று வேலை: பழையதைப் படி, அதை நோட்டில் எழுது, பிறகு புதியதை எழுது. கட்டத்துக்கு ஒருமுறைதான், என்றாலும் சுழலும் டிஸ்க்கில் அந்த ஒருமுறையே முள்ளை அங்கும் இங்கும் ஓட விடும். கூலி எழுதும்போது, கடையில் பில் போடுபவரின் தலையில்.

நோட்டின் அளவை நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதில்தான் நான் விழுந்தேன்.

ஒரு மார்ச் 31. அந்தக் கடையின் 200 ஜிபி வட்டுக்கு வழக்கம்போல 10 ஜிபி நோட்டு ஒதுக்கி, இரவு 9 மணிக்கு ஸ்நாப்ஷாட் எடுத்து, யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டுவிட்டுத் தட்டுவடை செட் சாப்பிடப் போனேன். எல்விஎம் வழக்கமாக 4 கேபி துண்டுகளாகத்தான் எடுத்து வைக்கும்; 10 ஜிபி என்றால் 26 லட்சம் துண்டுகளுக்கு இடம். ஒரு கொலுசுக் கடை ஓர் இரவில் 26 லட்சம் துண்டை எங்கே மாற்றப்போகிறது என்பது என் கணக்கு. ஆண்டு முடிவு என்பதால் கடைக் கணக்கர் இரவு 10 மணிக்கு உட்கார்ந்து கணக்கை முடித்து, மென்பொருளில் 'மறுவரிசை' என்று ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். அது எல்லா அட்டவணைகளையும் அடியிலிருந்து திரும்ப எழுதும் பொத்தான். 11.20க்கு நான் திரும்பி வந்து பார்த்தபோது நிரம்பிய அளவு 100 சதவீதம். நகல் பாதியில் நின்றிருந்தது. நோட்டு நிரம்பினால் கடைசிப் பக்கம் மட்டும் போவதில்லை, ஸ்நாப்ஷாட் முழுவதுமே செல்லாது. அதில் ஒரு கோப்பையும் நம்பிப் படிக்க முடியாது. அசல் வட்டுக்கு ஒன்றும் ஆகாது என்பது மட்டுமே ஆறுதல்.

மறுநாள் காலையில் முதலாளி கேட்டார், "நேற்று ராத்திரி நகல் ஆகிவிட்டதா அக்கா?"

"ஆகவில்லை."

"ஆண்டுக் கணக்கு முடித்த அன்றைக்கா?"

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நோட்டு நிரம்ப நிரம்பத் தானாகப் பெரிதாக்கும் வசதி எல்விஎம்மில் உண்டு. ஆனால் எத்தனை சதவீதம் நிரம்பினால் பெரிதாக்குவது என்ற வாசல் அளவு 100 என்றே அமைத்து வருகிறது, 100 என்றால் செய்யாதே என்று பொருள். அதை 70 ஆக்கியது அன்று மதியம்தான்.

சிலேட்டு முறையில் இன்னொன்று. நான்கு நாள் ஸ்நாப்ஷாட்டை நான்காக வைத்துக்கொண்டால் நான்கு நோட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக எழுத வேண்டும். எடு, நகலெடு, அழி என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டால் எல்விஎம் நல்ல வேலைக்காரன். நாள்கணக்கில் வைத்திருக்க நினைத்தால் கடையே நகராது. 2012இல் லினக்ஸ் 3.2இல் வந்த எல்விஎம்மின் மெல்லிய வகை இந்தக் குறையைத் தீர்க்கிறது. எல்லா ஸ்நாப்ஷாட்டும் ஒரே பொதுக் குளத்திலிருந்து இடம் எடுத்துக்கொள்ளும். அதில் கண்டம் வேறு மாதிரி. பழைய வகையில் நிரம்பினால் ஸ்நாப்ஷாட் மட்டும் சாகும். இதில் குளம் வற்றினால் அசலுக்கும் எழுத இடமிருக்காது.

எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்நாப்ஷாட்டைத் திறந்து பார்க்க மவுன்ட் செய்யப் போனால் 'தவறான கோப்பு முறைமை' என்பதுபோல் ஏதோ சொல்லி மறுக்கும். வட்டு கெட்டுவிட்டது என்று நான் ஒரு மணி நேரம் வேர்த்திருக்கிறேன். கெடவில்லை. அசலுக்கும் ஸ்நாப்ஷாட்டுக்கும் ஒரே அடையாள எண், ஒரே எண்ணில் இரண்டு பேரை அது உள்ளே விடாது. அடையாள எண்ணைப் பார்க்காதே என்று சொல்லும் 'நோயூயூஐடி' விருப்பத்தைச் சேர்த்தால் திறந்துவிடும்.

விண்டோஸ் உள்ள கடைகளிலும் இதே சிலேட்டுதான். விஎஸ்எஸ் என்ற சேவை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே வந்துவிட்டது, 16 கேபி துண்டுகளாகப் பழையதை எடுத்து வைக்கும். பிடிக்கப்போகும் நொடிக்கு முன் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளங்களைக் கூப்பிட்டு, "கையில் இருப்பதை எழுதி முடித்துவிட்டுச் சும்மா இரு" என்று சொல்வது அதன் பெரிய நல்ல குணம். அப்பாவின் விதியை அப்படியே நிரலாக எழுதியதுபோல் இருக்கும். ஆனால் பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் தேடி அழிப்பதும் இந்த நகல்களைத்தான். எனவே அதையே நம்பி இருக்க முடியாது.

*

பேரேடு முறையில் எதையும் அழிப்பதே இல்லை. பழைய கணக்குப்பிள்ளைகள் ஒரு வரி தப்பாகிவிட்டால் சுரண்டமாட்டார்கள். சுரண்டிய ஏடு கோர்ட்டில் நிற்காது. அடுத்த வெற்று வரியில் சரியானதை எழுதிவிட்டு, முன்பக்க அட்டவணையில் 'இனி இந்த வரியைப் பார்' என்று மாற்றுவார்கள். ஸ்நாப்ஷாட் வேண்டுமா? இன்றைய முன்பக்க அட்டவணையின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். பழைய அட்டவணை பழைய வரிகளைக் காட்டும், புதியது புதியவற்றைக் காட்டும். எதையும் தூக்கி வேறெங்கும் வைக்க வேண்டியதில்லை. எழுதுபவருக்கு மூன்று மடங்கு வேலை கிடையாது.

இதை வியாபாரப் பொருளாக்கிக் காட்டியவர்கள் நெட்ஆப் நிறுவனத்தார். ஹிட்ஸ், லாவ், மால்கம் மூவரும் 1994இல் யூஸ்நிக்ஸ் என்ற கணினி மாநாட்டில் அதை விளக்கிக் கட்டுரை வாசித்தார்கள். அவர்கள் கோப்பு முறைமைக்கு வைத்த பெயரின் பொருளே 'எங்கு வேண்டுமானாலும் எழுது' என்பதுதான். சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரென்ஸும் செய்த இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2005இல் வெளியே வந்தது. ஆரக்கிளில் இருந்தபோது கிரிஸ் மேசன் 2007இல் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ் 2009இல் லினக்ஸ் கர்னலுக்குள் சேர்ந்தது. ஆப்பிள் கருவிகளில் 2017 முதல் இருக்கும் ஏபிஎஃப்எஸ்ஸும் இதே வம்சம்தான்.

கூலி இல்லாமல் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பட்டறையின் பற்று ஆறு மாதம் கழித்துப் பேரேட்டில் எழுபது பக்கங்களில் சிதறிக் கிடக்கும். மொத்தமாகப் படிக்க வேண்டிய நாளில் பக்கம் புரட்டிப் புரட்டிக் கை ஓயும். சுழலும் டிஸ்க்கில் தரவுத்தளம் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இசட்எஃப்எஸ்ஸில் இன்னொரு கணக்கும் உண்டு: கோப்பை 128 கேபி வரையான துண்டுகளாக வைப்பது அதன் வழக்கம். தரவுத்தளம் 16 கேபி பக்கத்தை மாற்றினால் 128 கேபியும் புதிதாக எழுதப்படும். தரவுத்தளத்துக்கென்று தனிப் பிரிவு உண்டாக்கி, துண்டின் அளவை 16 ஆக்குவதை நான் நிறுவும் அன்றே செய்துவிடுகிறேன், தரவு ஏறிய பிறகு மாற்றினால் பழைய கோப்புகளுக்கு அது பொருந்தாது.

பெரிய கூலி அழிக்கும்போது வருகிறது. அஸ்தம்பட்டியில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டார்.

"அக்கா, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று 380 ஜிபி அழித்தேன். ஒரு ஜிபிகூட வரவில்லை."

"அழித்தது போகவில்லை தம்பி. ஸ்நாப்ஷாட்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன."

"எத்தனை நாளைக்கு?"

"முப்பது நாளைக்கு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்."

"தப்பாக அழித்தால் திரும்ப வர வேண்டும் என்றுதான் சொன்னேன். சரியாக அழித்தால் போக வேண்டாமா?"

அவர் கேட்டது நியாயம்தான், அதற்கு எந்தக் கோப்பு முறைமையிலும் பதில் இல்லை. சரி, எந்த ஸ்நாப்ஷாட்டைக் கழித்தால் இடம் வரும் என்று பட்டியலைப் பார்த்தேன். முப்பதில் ஒவ்வொன்றும் சில நூறு கேபியே தன்னுடையது என்று காட்டியது. முப்பதையும் கூட்டினால் 20 எம்பிகூட வரவில்லை. 380 ஜிபி எங்கே? கூட்டுப் பட்டாவில் இருந்தது. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே காட்டுவது அதற்கு மட்டுமே சொந்தமான இடம். இரண்டு ஸ்நாப்ஷாட்கள் சேர்ந்து பிடித்திருக்கும் துண்டு இரண்டின் கணக்கிலும் வராது. ஒரு பங்காளி கையெழுத்துப் போட்டு விலகினால் நிலம் கைக்கு வருமா? எல்லோரும் போட வேண்டும். எதிலிருந்து எதுவரை கழித்தால் எவ்வளவு வரும் என்று, கழிக்காமலே கேட்டுச் சொல்லும் ஒத்திகை வசதி இசட்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அந்தத் தம்பிக்கு இப்போது ஏழு நாள்.

அழிக்கும் விஷயத்தில் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டுக்கும் குணம் வேறு. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டும் பிறந்த வரிசை எண்ணைக் குறித்து வைத்திருக்கிறது. கடைசி ஸ்நாப்ஷாட்டுக்குப் பிறகு பிறந்த துண்டு என்றால் வேறு யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது, உடனே விடுவித்துவிடும். முன்பே பிறந்தது என்றால் அந்த ஸ்நாப்ஷாட்டின் பொறுப்பில் எழுதி வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, தேதியைப் பார்த்தே தீர்ப்பு சொல்வதுபோல. பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி வைக்கிறது. பிரிவுக்குப் பிரிவு இட அளவு வரையறுக்கும் கணக்கையும் அதில் சேர்த்து ஓட விட்டு, நூறு ஸ்நாப்ஷாட் வைத்து, பாதியைக் கழிக்கச் சொன்னால் பின்னணியில் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும்.

இருந்தாலும் என் சொந்த மடிக்கணினியில் பிடிஆர்எஃப்எஸ்தான். புதுப்பிப்பு வரும் முன் ஒன்று எடுத்து வைப்பேன், கோளாறு என்றால் பழையதிலிருந்து கிளம்புவேன். அதிலும் ஒருமுறை ஏமாந்தேன். உட்பிரிவாகத் தனியே உண்டாக்கிய கோப்புறை, மேற்பிரிவின் ஸ்நாப்ஷாட்டில் சேராது. வெறும் கோப்புறையின் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே காலி. வீட்டு வாடகைக் கணக்கு அந்தக் காலியில் இருந்தது.

*

எந்த முறையானாலும் மிச்சம் இருக்கும் ஒரு கேள்வி: பிடித்தது வட்டின் நொடியா, கணக்கின் நொடியா?

தரவுத்தளம் பாதியை நினைவகத்தில் வைத்திருக்கும். அதைக் கேட்காமல் எடுத்த ஸ்நாப்ஷாட், அந்த நொடியில் மின்சாரம் போனால் வட்டு எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். போஸ்ட்கிரெஸ்போல எழுதுவதை முதலில் பதிவேட்டில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும் தரவுத்தளம் என்றால் கவலையில்லை. மின்தடையிலிருந்து எழுவதுபோல எழுந்துவிடும். ஆனால் தரவும் பதிவேடும் ஒரே நொடியில் பிடிபட்டிருக்க வேண்டும். தரவை ஒரு வட்டுப் பிரிவிலும் பதிவேட்டை இன்னொன்றிலும் வைத்துவிட்டு எல்விஎம்மில் அடுத்தடுத்து இரண்டு ஸ்நாப்ஷாட் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுவில் இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இசட்எஃப்எஸ்ஸில் தாய்ப் பிரிவுக்குச் சொன்னால் கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே நொடியில் பிடித்துவிடும். பதிவேடே இல்லாத பழைய கணக்கு மென்பொருட்களுக்கு மருந்து ஒன்றுதான்: ஐந்து நிமிடம் எல்லோரையும் வெளியே வரச் சொல்ல வேண்டும்.

*

ஏற்காட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது.

மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகக் கணினி என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே இடி இறங்கினால் மோடம், சுவிட்ச் எல்லாம் வரிசையாகப் போகும். ஒரு சித்திரை மழையில் டிஸ்க்கும் போனது. ஸ்நாப்ஷாட் இருந்தது, நாற்பது இருந்தது, எல்லாம் அதே டிஸ்க்கில் இருந்தன. அதற்குப் பிறகுதான் அங்கே இசட்எஃப்எஸ் போட்டேன், காரணம் அதன் அனுப்பும் வசதி. நேற்றைய ஸ்நாப்ஷாட்டுக்கும் இன்றையதற்கும் இடையில் மாறிய துண்டுகளை மட்டும் பிரித்து அனுப்பலாம். கோப்பு கோப்பாகத் திறந்து ஒப்பிட வேண்டியதில்லை, பிறந்த எண்ணைப் பார்த்தே எது புதியது என்று அதற்குத் தெரியும். மலையில் கிடைக்கும் இணைப்புக்கு ஓர் இரவில் 50 எம்பி அனுப்புவது சாத்தியம். முதல் முழு நகல் 310 ஜிபி. அதை டிஸ்க்கில் எடுத்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்தேன்.

இரண்டு பக்கமும் பொதுவாக ஒரு ஸ்நாப்ஷாட் இருந்தால்தான் மாறியதை மட்டும் அனுப்ப முடியும். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டே, இடம் போதவில்லை என்று ஒரு நாள் தோட்டத்துப் பக்கம் பழையவற்றைக் கூட்டித் தள்ளினேன், பொதுவானதும் சேர்ந்து போய்விட்டது. மறுபடி பஸ், மறுபடி துண்டு. கடைசியாக அனுப்பியதை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்க அதில் வழி உண்டு, அடையாளக் குறி மட்டும் விட்டுவிட்டு ஸ்நாப்ஷாட்டை அழித்தாலும் அனுப்பும் பக்கத்துக்கு அது போதும். இரண்டையும் இப்போது செய்கிறேன். காற்றில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யலாம், மார்கழியில் அது தினசரித் தேவை.

அந்த மார்கழியில்தான் தோட்டத்து ரைட்டர் ஐயா கூப்பிட்டார். பழம் பறிப்பு மும்முரம். ஆட்களின் பெயரும் கிலோவும் உள்ள விரிதாளை அகர வரிசையில் அடுக்கப் போய், பெயர் வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பெயர்கள் நகர்ந்தன, கிலோ நகரவில்லை. ஒருவர் பறித்தது இன்னொருவர் பெயரில். சேமித்தும் விட்டார். கண்டுபிடித்தது மறுநாள் சனிக்கிழமை இரவு, சம்பளம் போட உட்கார்ந்தபோது.

முந்தைய நாள் மாலை 6 மணி ஸ்நாப்ஷாட்டைத் திறந்து கோப்பை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிட வேலை. எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கண்ணு, இதில் கடைசி மூன்று பேர் இல்லையே."

"நேற்று மாலை ஆறு மணிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது ஐயா."

"ஆறு மணிக்கு எங்கே முடிந்தது? மூட்டம் இறங்கி டிராக்டர் வரவே ஆறேகால். எடை போட்டு எழுதி முடிக்கும்போது ஏழு."

அடுத்த ஸ்நாப்ஷாட் சனிக்கிழமை மாலை, அதற்குள் அடுக்கியாகிவிட்டது. எடைச் சீட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் அவர் போட்டு வைத்திருந்ததால் மூன்று பேரின் கிலோவும் கிடைத்தன.

இப்போது 6 மணி ஸ்நாப்ஷாட்டை நிறுத்திவிட்டேன். அவர் திரையில் 'எடை முடிந்தது' என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன், அழுத்தினால் அந்த நொடி பிடிபடும். அழுத்தும் முன் மேசையைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "யாரும் சீட்டை நீட்டாதீர்கள்" என்று ஒரு சத்தம் போடுகிறாராம். மறந்துபோகும் நாட்களுக்காக இரவு 9 மணிக்குத் தானாக ஓடும்படி இன்னொன்றும் வைத்திருக்கிறேன். போன மாதம் நான்கு நாள் அதுதான் ஓடியது.